வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது என்ன?

பள்ளிக் கணக்குகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டுவிடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இதே கணக்கைத் தேர்வில் பிழையின்றிச் செய்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் பலர், வீட்டிலுள்ள அயர்ன் பாக்ஸைக் காட்டி இதன் மின்தடை என்ன என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். உண்மையான கருவியில் எண்கள் தாமாக வந்து நிற்பதில்லை. அவற்றை எங்கே, எப்போது, எந்த நிலையில் அளந்தோம் என்பதைப் பொறுத்தே வகுத்து வரும் ஈவுக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அயர்ன் பாக்ஸிலிருந்தே தொடங்கலாம். அதன் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர், 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53 ஓம். இது தகடு சொல்லும் கணக்கு. இப்போது கருவி சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பார்க்கிறோம்: மின்னழுத்தம் 224 வோல்ட், மின்னோட்டம் 4.2 ஆம்பியர். வகுத்தால் 53.3 ஓம், பெருக்கினால் 941 வாட். தகட்டில் இருப்பது 1000, நமக்குக் கிடைத்தது 941. ஆகவே நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1000 வாட் என்பது 230 வோல்ட் கிடைக்கும்போது தருவதாகச் சொன்ன திறன். 224 வோல்ட்டில் அதே மின்தடை 950 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தர முடியும். மின்தடை மாறவில்லை, மின்னழுத்தம் மாறியிருக்கிறது.

கால்குலேட்டர் காட்டும் 53.333 என்ற எண்ணை அப்படியே எழுதிவைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மீட்டர் 4.2 என்று காட்டியதில் பத்தில் ஒன்று முன்பின் இருக்கலாம் என்றால், உண்மை 4.1-க்கும் 4.3-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அப்போது மின்தடை 52 ஓமிலிருந்து 55 ஓமுக்குச் சற்றுக் கீழ்வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே 53 ஓம், 940 வாட் என்று எழுதுவதே நேர்மையான விடை.

அளப்பது எப்படி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தவறாக அளப்பது உயிருக்கே ஆபத்தாகும். மல்டிமீட்டரை மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்து அதன் இரு முனைகளையும் பிளக் பாயின்ட்டின் இரு துளைகளில் செருகவே கூடாது. அந்த நிலையில் மீட்டரின் உள்தடை மிகமிகக் குறைவு. 230 வோல்ட்டை அந்தச் சிறு தடையால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் வரும் என்று மனத்தில் கணக்கிட்டாலே, அது ஷார்ட் சர்க்கியூட் என்பது விளங்கும். வீட்டு மின்சாரத்தில் மின்னோட்டத்தை அளக்க, எலெக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று அழைக்கும் கிளாம்ப் மீட்டர்தான் உகந்தது. வயரை வெட்டாமல், அதன் தாடைகளுக்கு நடுவே லைன் வயரை மட்டும் நுழைத்தால் போதும். லைனையும் நியூட்ரலையும் சேர்த்து நுழைத்தால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, மீட்டர் சுழியத்தைக் காட்டும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த எலெக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். கணக்குப் போடுவதை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியும் சிறிய மின்தடையமும் வைத்து மேசைமேல் செய்து பார்ப்பவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை, ஆனால் வேறொரு நுணுக்கம் உண்டு. அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் தாமே மின்தடை உடையவை; ஆகவே வோல்ட்மீட்டரை எங்கே இணைக்கிறோம் என்பது விடையை மாற்றும். 10 ஓம் மின்தடையம் ஒன்றை அளக்கிறோம், அம்மீட்டரின் உள்தடை 1 ஓம் என்று வையுங்கள். வோல்ட்மீட்டரின் முனைகளை அம்மீட்டரையும் மின்தடையத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி வைத்தால், வகுத்து வரும் விடை 11 ஓம். பத்து விழுக்காடு பிழை. முனைகளை மின்தடையத்தின் மீது மட்டும் வைத்தால் அந்தப் பிழை மறைந்துவிடும். 10 இலட்சம் ஓம் போன்ற பெரிய மின்தடைக்கு நிலைமை நேர்மாறானது. டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள்தடை பெரும்பாலும் 100 இலட்சம் ஓம் ஆதலால், மின்தடையத்தின் மீது நேராக வைத்த வோல்ட்மீட்டர் தன் பங்குக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும், அம்மீட்டரோ அதையும் சேர்த்தே எண்ணும். அங்கே அம்மீட்டரை உள்ளே சேர்த்துக்கொள்வதே சரி. பத்து இலட்சத்தோடு ஒரு ஓம் கூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவதுதான் மின்தடை என்பது ஒரு வரையறை. எந்தப் பொருளுக்கும், எந்தக் கணத்திலும் இந்த வகுத்தலைச் செய்யலாம். ஓம் விதி சொல்வது அதனினும் கூடுதலானது: வெப்பநிலை முதலிய நிலைமைகள் மாறாதிருக்கும்போது, சில பொருள்களில் இந்த ஈவு மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாமல் இருக்கும் என்பதே அது. முன்னது நாமே வகுத்துக்கொண்டது. பின்னது இயற்கையைப் பற்றிய செய்தி, சோதனையால் மட்டுமே தெரியவருவது. பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிடுவதால், படிப்பவர்கள் மின்தடையை ஒரு பொருளின் மேல் எழுதி ஒட்டிய நிலையான எண் என்று எண்ணிவிடுகிறார்கள்.

பழைய 60 வாட் குண்டு பல்பு இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும். 230 வோல்ட்டில் எரியும்போது அது எடுத்துக்கொள்வது 0.26 ஆம்பியர், வகுத்தால் மின்தடை 880 ஓமுக்கு அருகில். அதே பல்பைக் கழற்றி, ஆறிய பிறகு மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்தால் 60 ஓம் அளவில்தான் காட்டும். இரண்டு விடைகளும் சரியே. டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கும்போது ஒரு மின்தடையும், அறை வெப்பநிலையில் அதில் பதினான்கில் ஒரு பங்கு என்ற அளவில் இன்னொரு மின்தடையும் கொண்டிருக்கிறது. ஆறிய நிலையின் எண்ணை எடுத்துக்கொண்டு 230 வோல்ட்டுக்குத் திறனைக் கணக்கிட்டால் 800 வாட்டுக்கு மேல் வரும். ஒரு குண்டு பல்பு 800 வாட் தொடர்ந்து எடுத்தால் அடுத்த நொடி அது பல்பாக இருக்காது. ஆனாலும் அந்த எண் பொருளற்றது அன்று. சுவிட்ச் போட்ட முதல் கணத்தில், இழை சூடேறுவதற்கு முன்னால், அந்த அளவிலான மின்னோட்டம் உண்மையிலேயே பாய்கிறது; பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது ஃபியூஸ் ஆவதைவிடச் சுவிட்ச் போடும்போது ஆவதே அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அயர்ன் பாக்ஸிலும் ஹீட்டரிலும் இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. அதன் மின்தடை சூட்டினால் சில விழுக்காடு மட்டுமே மாறுவதால், ஆறிய நிலையில் அளந்தாலும் ஓடும் நிலையில் வகுத்துப் பார்த்தாலும் விடைகள் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஹீட்டர் காயில் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்து எலெக்ட்ரீஷியன் நம்பிக்கையோடு சொல்ல முடிவது இந்தக் கலவையின் இயல்பால்தான்.

கேயார்க் சைமன் ஓம் தம் விதியைக் கண்டடைந்த விதம் இங்கே நினைவுகூரத் தக்கது. 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்த அவர், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அக்காலத்து மின்கலங்களின் மின்னழுத்தம் சோதனை நடக்கும்போதே சரிந்துகொண்டிருந்ததால் அளவுகள் நிலைகொள்ளவில்லை. இயற்பியலறிஞர் பொக்கெண்டார்ஃபின் யோசனைப்படி அவர் வெப்ப இரட்டைக்கு, அதாவது இரு உலோகங்களின் சந்திகளுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீராலும் மற்றொன்றைப் பனிக்கட்டியாலும் மாறா வெப்பநிலையில் நிறுத்தினார். மாறாத மின்னழுத்தம் கிடைத்தது. மின்னோட்டத்தை ஒரு காந்த ஊசியின் விலகலால் அளந்து, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். 1827-இல் முழு நூலாக வெளியிட்ட அந்த ஆய்வுக்குத் தொடக்கத்தில் கிடைத்த வரவேற்பு குறைவு; 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

அவர் எழுதிய சமன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நாம் இன்று பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி. மின்னோட்டத்தைக் கணக்கிட அவர் வகுத்தது சோதனைக் கம்பியின் நீளத்தால் மட்டும் அன்று. அந்த நீளத்தோடு இன்னொரு மாறா எண்ணையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தார். கம்பியைத் தவிர்த்த எஞ்சிய மின்சுற்றின் தடைதான் அந்த மாறா எண். நம் வீட்டுச் சுவருக்குள்ளும் அந்த எண் இருக்கிறது, இரண்டு முறை அளந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

பிளக் பாயின்ட்டில் எதுவும் ஓடாதபோது 232 வோல்ட் இருக்கிறது. 2000 வாட் வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் அதே இடத்தில் 223 வோல்ட்டாகக் குறைகிறது; கிளாம்ப் மீட்டர் 8.4 ஆம்பியர் காட்டுகிறது. குறைந்த 9 வோல்ட்டை 8.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.1 ஓம். ஹீட்டருக்கு முன்னால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் முதல் பிளக் பாயின்ட் வரை உள்ள அத்தனை வயர்களின், இணைப்புகளின் மின்தடை அது. அதே 9 வோல்ட்டை 8.4-ஆல் பெருக்கினால் 75 வாட்; ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் சுவருக்குள் வீணாகச் சூடாகும் திறன். கம்பத்து மின்னழுத்தமே இடையில் ஏறி இறங்கக்கூடும் என்பதால், ஹீட்டரைப் பலமுறை போட்டு அணைத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு குறைகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்த 1.1 ஓம் அதிகமா, இயல்பா? செம்பின் மின்தடை எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு வயர், மீட்டருக்கு 0.0172 ஓம். போர்டிலிருந்து 30 மீட்டர் தொலைவு என்றால் போகவும் வரவுமாக 60 மீட்டர், மின்தடை 1.03 ஓம். அப்படியானால் நம் அளவீடு, மெல்லிய வயரில் இவ்வளவு தொலைவுக்கு ஹீட்டர் இணைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. அதே தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் 0.41 ஓம், இழப்பு மூன்றரை வோல்ட், வீணாகும் திறன் 30 வாட். வீடு கட்டும்போது வயரின் தடிமனில் மிச்சம் பிடிப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாறாக, போர்டு ஐந்து மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, வயரும் தடிமனானது, அப்படியும் 1 ஓம் வருகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. இது மிகவும் கவனிக்க வேண்டிய நிலை. ஒரு சாக்கெட்டின் பித்தளை முனையில் பிடிப்புத் தளர்ந்து 0.2 ஓம் உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே இழக்கும் மின்னழுத்தம் 2 வோல்ட் மட்டுமே. எந்தக் கருவியின் ஓட்டத்திலும் அது தெரியாது. ஆனால் 10-ஐ 2-ஆல் பெருக்கினால் 20 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஏறக்குறைய அதே வெப்பம், ஒரு கடுகளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டு மணிக்கணக்கில் உண்டாகிக்கொண்டிருந்தால், சாக்கெட்டின் வாய் பழுப்பேறிக் கருகுவதில் வியப்பில்லை. கருகக் கருகத் தொடர்பு மேலும் மோசமாகி மின்தடை ஏறும், மின்தடை ஏற ஏற வெப்பம் கூடும். பிளக்கைப் பிடுங்கும்போது அதன் முள் கை வைக்க முடியாத அளவு சுட்டால், அந்தச் சாக்கெட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.

மின்தடை கூடினால் வெப்பம் கூடும் என்று இப்போது எழுதினேன். ஆனால் 2000 வாட் ஹீட்டரின் மின்தடை 26 ஓம், 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை 53 ஓம். அங்கே மின்தடை குறைந்ததுதான் அதிகத் திறன் உடையது. இது முரண்பாடாகத் தோன்றி மாணவர்களைக் குழப்புவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். அதில் மின்னழுத்தத்தை நீக்கி எழுதினால் மின்னோட்டத்தின் இருமடி (வர்க்கம்) பெருக்கல் மின்தடை. 1841-இல் இயற்பியலறிஞர் ஜூல் வெளியிட்ட வெப்ப விதி அந்த வடிவத்தில் உள்ளது. மின்னோட்டத்தை நீக்கி எழுதினால் மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தது. மூன்றும் ஒன்றே. எது மாறாமல் நிற்கிறது என்று கேட்டுக்கொள்வதுதான் வழி. அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் தனித்தனியே 230 வோல்ட்டில் இணைகின்றன. மின்னழுத்தம் மாறாது, ஆகவே மின்தடை குறைந்ததில் திறன் அதிகம். தளர்ந்த இணைப்போ ஹீட்டரோடு தொடராக நிற்கிறது; அதன் வழியே ஓட வேண்டிய மின்னோட்டத்தை ஹீட்டரின் பெரிய மின்தடை முன்பே தீர்மானித்துவிட்டது, ஆகவே தொடர்பின் மின்தடை கூடக் கூட அங்கே வெப்பம் கூடும்.

மின்னழுத்தம் இருமடியாக நுழைவதன் விளைவு, லோ வோல்டேஜ் உள்ள ஊர்க்காரர்களுக்கு அனுபவத்தில் தெரியும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான குறைவுதான். ஆனால் 2000 வாட் ஹீட்டரின் திறன் 1225 வாட்டாக, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கப் பதினெட்டு நிமிடம் போதும் என்றிருந்தது அரை மணி நேரமாகும். மின்கட்டணம் கூடுமா என்று கேட்பவர்களுக்கு விடை: தொட்டியிலிருந்து வெளியே கசியும் சிறு வெப்பத்தை ஒதுக்கிவிட்டால், இரண்டு முறையும் செலவாவது அதே 0.61 யூனிட். தண்ணீருக்கு வேண்டிய வெப்பம் ஒன்றுதான். அது மெதுவாகப் போய்ச் சேர்கிறது.

மோட்டார் விஷயத்தில் இந்தக் கணக்குகளை அப்படியே பொருத்தக் கூடாது. ஹீட்டரில் மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறைகிறது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் பம்புசெட் மோட்டாரிலோ, மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் பெரும்பாலும் ஏறுகிறது. இறைக்க வேண்டிய சுமை அப்படியே இருக்க, அதைத் தாங்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது. மின்னோட்டம் 1.3 மடங்கானால் காயிலில் உண்டாகும் வெப்பம் இருமடிக் கணக்கில் ஏறக்குறைய 1.7 மடங்காகும். லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிந்துபோவது இவ்வாறுதான்.

ஓடும் மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது காயிலின் மின்தடையும் அன்று. 1 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றில் 230 வோல்ட்டுக்கு 6.2 ஆம்பியர் ஓடினால் ஈவு 37 ஓம்; நிறுத்தி, இணைப்பைத் துண்டித்து, காயிலை ஓம் மீட்டரால் அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். மின்னோட்டத்தை அங்கே கட்டுப்படுத்துவதில் காயிலின் தூண்டலுக்கும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு), சுழலும்போது எதிராக எழும் மின்னியக்கு விசைக்கும் (காயிலிலேயே உண்டாகும் எதிர் மின்னழுத்தம்) பெரும் பங்கு உண்டு. சுழற்சி ஏதாவது காரணத்தால் இறுகி நின்றுவிட்டால் அந்த எதிர்விசை இல்லாமற்போய் மின்னோட்டம் பல மடங்கு ஏறும்.

பெருக்கலும் இங்கே முழு விடையைத் தருவதில்லை. 230-ஐ 6.2-ஆல் பெருக்கினால் 1426. இதை வோல்ட்-ஆம்பியர் என்றுதான் சொல்லலாம், வாட் என்று சொல்லலாகாது. வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தில் (ஏசி) மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாதபோது, உண்மையான திறன் இந்தப் பெருக்கத்தைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் எண்தான் பவர் ஃபாக்டர். தரம் குறைந்த 9 வாட் எல்இடி பல்பு ஒன்றில் பவர் ஃபாக்டர் 0.5 என்றால் அதன் வோல்ட்-ஆம்பியர் 18. கிளாம்ப் மீட்டரை நம்பிக் கணக்கிட்டவர், பல்பு இரு மடங்கு மின்சாரம் குடிக்கிறது என்று தவறாக முடிவு செய்துவிடுவார். வீட்டு மீட்டர் யூனிட்டாகக் கணக்கிடுவது உண்மையான திறனைத்தான்.

அந்த மீட்டரைக் கொண்டே உண்மைத் திறனைக் கண்டுபிடிக்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்புகள் என்பது அருகில் அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். 3200-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 1125 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். ஒரு துடிப்பில் கடிகாரத்தைத் தொடங்கி, அதன்பின் பத்தாவது துடிப்பில் நிறுத்துங்கள். 9.8 நொடி என்று வந்தால், 11250-ஐ 9.8-ஆல் வகுக்க 1148 வாட். அதைக் கிளாம்ப் மீட்டர் தந்த 1426-ஆல் வகுத்தால் பவர் ஃபாக்டர் 0.8, மோட்டார் முழுச் சுமையில் தண்டில் தரும் 1 குதிரைத்திறனை, அதாவது 746 வாட்டை, 1148-ஆல் வகுத்தால் அதன் செயல்திறன் 65 விழுக்காடு. எஞ்சிய 400 வாட் மோட்டாரின் காயிலையும் இரும்புள்ளகத்தையும் பேரிங்குகளையும் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் பின்புறம் விசிறி பொருத்தியிருப்பது அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான், ஆகவே அதன் காற்றுத் துளைகளைச் சாக்கால் மூடி வைக்காதீர்கள்.